அடுத்தவன் சட்டையில் என் குழம்பு

சட்டையை விரித்துப் பிடித்ததுமே அது நாங்கள் தொப்பை என்று கூப்பிடுகிறவனுடையது என்று தெரிந்துவிட்டது. வியாழன்தோறும் எங்களுக்குச் சீருடை மூட்டை அனுப்பும் லிஃப்ட் கம்பெனியில் அந்த அளவுச் சட்டை போடுகிறவன் அவன் ஒருவன்தான். இரண்டு பேர் தாராளமாகக் குடியிருக்கலாம். வயிறு முன்னால் தள்ளி நிற்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. எங்கள் சலவைக் கடையில் கறை பார்ப்பது என் வேலை. துணி இயந்திரத்துக்குள் போகும் முன் எது எண்ணெய், எது மை, எது ரத்தம் என்று பிரித்து, அதற்குத் தகுந்ததைப் போட்டு ஊறவைக்க வேண்டும். வழக்கம்போல ஈரப்படுத்திச் சோப்பைத் தொட்டு வைத்தேன். கறையின் ஓரம் குபீரென்று சிவந்தது.

சோப்புப் பட்டுச் சிவந்தால் அது மஞ்சள்தூள். நடுவில் அசைந்து கொடுக்காமல் நிற்கும் பழுப்பு சோயா சாஸ். இரண்டையும் ஒரே சட்டியில் போடுகிற புண்ணியவதி எனக்குத் தெரிந்து ஒருத்திதான். "சோயா சாஸ்ல யாராவது மஞ்சப்பொடி போடுவாங்களா?" என்று கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்டுக்கொண்டே மறுபடி தட்டை நீட்டுகிறார். அது என் கோழிக் குழம்பு. திங்கட்கிழமைதோறும் என் தம்பிக்கு நான் டப்பாவில் கொடுக்கிற குழம்பு. அது தொப்பையின் வயிற்றில் வந்து என்ன செய்கிறது?

தம்பியும் அந்தக் கம்பெனியில்தான் லிஃப்ட் மெக்கானிக். அவனும் தொப்பையும் எப்போதும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். அம்மா போன பிறகு அவனுக்கு என் வீடுதான் வீடு. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவான். அப்படி வந்துகொண்டிருந்தவன்தான் போன வருஷம் வயிறு வயிறு என்று இளைக்க ஆரம்பித்தான். கடைசியில் குடலுக்குள் குழாயை விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்து, சீலியாக் என்று ஒரு பெயர் சொன்னார்கள். கோதுமை, பார்லி வகையறாவில் இருக்கும் குளூட்டன் அவன் குடலுக்கு ஆகாது. கொஞ்சமாகச் சாப்பிடலாமா என்று கேட்டேன். "ரொட்டித் துகள் பட்ட கத்தியும் கூடாது. ஆயுசுக்கும்" என்றார் டாக்டர்.

என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அரைகுறையாகச் செய்ய வராது. மாவு டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். வாணலி, கத்தி, கரண்டி எல்லாம் புதிதாக வாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு ரொட்டி இல்லாமல் பொழுது விடியாது; அவரையும் டோஸ்டரையும் பால்கனிக்கு அனுப்பினேன். சிகரெட் பிடிக்கிறவர் மாதிரி காலையில் அங்கே நின்று தின்றுவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு உள்ளே வருவார். அவருடைய நூடுல்ஸுக்குத் தனிப் பாத்திரம்.

இவ்வளவும் செய்தும் தம்பி என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு தலைவலி, ஒரு ஞாயிறு அவசர வேலை. அவன் அறைக்குப் போனால் வாழைப்பழம், அவித்த முட்டை, உப்புக்கூடப் போடாத சோறு. உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டான். ஜன்னல் ஓரம் நின்றபடி விழுங்குவான். அவனுடைய பேண்ட் என் கைக்கு வரும்போதெல்லாம் இடுப்புப் பட்டியில் சுருக்கம் கூடிக்கொண்டே போனது. பெல்ட்டை இறுக்கி இறுக்கி விழுந்த சுருக்கம். இஸ்திரிப் பெட்டியால் அதை நீவி நீவிப் பார்ப்பேன், போகாது.

கெஞ்சி, மிரட்டி, கடைசியில் அழுது ஒரு ஞாயிறு வரவழைத்தேன். சோறும் கோழிக் குழம்பும். தட்டைப் போட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய். அப்புறம், "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரம் முதல் திங்கள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவன் கதவைத் தட்டி ஒரு டப்பா குழம்பைக் கையில் திணித்துவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். டப்பா பளபளவென்று கழுவித் திரும்பி வரும். உச்சி குளிர்ந்துபோய்த் திரிந்தேன்.

இப்போது தொப்பையின் சட்டை.

அந்த வியாழன் மாலை முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளரின் பேண்ட்டுக்கு மடிப்பை முன்னுக்குப் பின் மாற்றி எடுத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பினேன். போனை எடுத்தேன், வைத்தேன். தம்பியிடம் கேட்டால் மழுப்புவான். மழுப்புவதில் அவன் எங்கள் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவான்.

"ஒரு தடவை பங்கு போட்டுச் சாப்பிட்டிருப்பாங்க. விடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"பங்கு போட்டா சட்டையில ஒரு சொட்டு விழும். இது ஆள் குனிஞ்சு வழிச்சுச் சாப்பிட்ட கறை. எனக்குத் தெரியாதா?"

"அப்ப நேர்ல போய்க் கேட்டுடு. இப்படியே நடந்தேன்னா கீழ் வீட்டுக்காரன் மேல வந்துடுவான்."

ஞாயிறும் அவன் வரவில்லை. முதுகு வலியாம். திங்கள் காலை ஒன்றும் தெரியாதவள் போல டப்பாவைக் கொடுத்தேன். "இன்னிக்கு எங்கடா வேலை?" என்று கேட்டு வைத்துக்கொண்டேன். மதியம் முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். லிஃப்ட் வாசலில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை. பழுது பார்க்கிறவன் உச்சியில் இருக்கிறான். நான் படியேற வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது கேள்விகள் இருந்தன, மூச்சு இல்லை. மோட்டார் அறையின் இரும்புக் கதவு திறந்துதான் கிடந்தது.

உள்ளே, கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் தொப்பை உட்கார்ந்திருந்தான். மடியில் என் டப்பா. கையில் ரொட்டித் துண்டு. குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். என் தம்பி எதிர்ச் சுவரோரம், அவனிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்று, ஒரு முட்டையை உரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா!" என்று தொப்பை எழுந்தான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. "உங்க கைக்குத் தங்கத்துல வளையல் போடணும்க்கா. திங்கக்கிழமைன்னா நான் வீட்டுச் சாப்பாடே கொண்டு வர்றதில்ல."

"போடுவேடா, போடுவே. யார் வீட்டுச் சாப்பாட்டுக்கு யார் வளையல் போடுறது?"

அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. டப்பாவை மூடுவதா, என்னிடம் நீட்டுவதா என்று தெரியாமல் விழித்தான். நான் தம்பி பக்கம் திரும்பினேன்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டு உனக்காகச் சமைக்கிறேன். உங்க மாமாவைப் பால்கனியில நிக்க வச்சிருக்கேன். நீ என்னடான்னா ஊருக்குத் தானம் பண்ணிட்டிருக்கே! என் சோறு அவ்வளவு கேவலமாப் போச்சா?"

அவன் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பை மெதுவாகக் கதவைப் பார்த்து நகர்ந்தான்.

"நீ இருடா. நீயும் கேளு" என்றேன்.

"சோயா சாஸ்ல கோதுமை இருக்குக்கா" என்றான் தம்பி.

எனக்கு முதலில் புரியவில்லை. சோயா என்றால் பயறு. பயற்றில் கோதுமைக்கு என்ன வேலை?

"சேர்த்துத்தான் செய்வாங்க. பாட்டில்ல பொடி எழுத்துல போட்டிருக்கும்."

ரொட்டியைப் பார்த்தேன், பிஸ்கட்டைப் பார்த்தேன், சூப் பொடியின் பாக்கெட்டைக்கூடப் பார்த்தேன். அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அது எத்தனையோ வருஷமாக என் அடுப்போரம் நிற்கிறது. வீட்டு ஆள் மாதிரி. என் கோபம் அப்படியே காலடியில் விழுந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

அவன் கீழே விழுந்த முட்டை ஓட்டைப் பொறுக்கினான்.

"எப்போடா?"

"அன்னிக்கே. தண்ணி எடுக்க சமையலறைக்கு வந்தேன்ல, அப்போ பாட்டிலப் பார்த்தேன்."

"சாப்பிடறதுக்கு முன்னாடியா?"

தலையை ஆட்டினான்.

"தெரிஞ்சேவா சாப்பிட்டே? தெரிஞ்சே இன்னும் போடுன்னு கேட்டியா?"

"நீ முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேக்கா."

அவன் குழம்பு சாப்பிட்டுப் போன அந்த வாரம் நினைவுக்கு வந்தது. கம்பெனி மூட்டையில் அவனுடைய சட்டைகள் பாதிகூட வரவில்லை. நாளுக்கு ஒரு சட்டை போடுகிறவன். என்னடா என்று கேட்டதற்கு, ட்ரெயினிங் வகுப்பு, சாதாரண உடுப்பு போதும் என்றான். கறையைப் பார்த்துக் கதை சொல்கிறவள் நான். வராத சட்டை சொன்ன கதையைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

"அந்த வாரம் பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமா கிடந்தான்க்கா" என்றான் தொப்பை, கதவோரமிருந்து. "உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னான். இவன் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல. ஆபீஸ்ல யாராவது கேக் வெட்டினா அந்த நேரம் பார்த்து இவனுக்குப் போன் வரும். அந்தப் பக்கம் ஆளே இருக்காது. சும்மா காதுல வச்சுக்கிட்டு வெளிய நடப்பான்."

தம்பி அவனை முறைத்தான். முட்டையைக் கீழே வைத்தான். அப்புறம்தான் பேசினான், யாரையும் பார்க்காமல்.

"எங்க போனாலும் இதுல என்ன இருக்கு, அதுல என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். நான் வந்து நின்னாலே எல்லாரும் தட்டை ஒளிச்சு வைக்கிறாங்க. வேணாம், வேணாம், வேணாம். என் வாயில வேற வார்த்தையே வர்றதில்லக்கா. உன் வீட்ல ஒரு நாளாவது அதைச் சொல்லாம சாப்பிடலாம்னு பார்த்தேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. கோபமாகத்தான் வந்தது, அவன் மேலும் என் மேலும், அந்தப் பாட்டில் மேலும்.

"வெளியில நீ பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தின்னு, திங்காமப் போ. என் வீட்ல வந்து என் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லு. எனக்குக் கோவம் வரும். தட்டைத் தூக்கி எறிவேன். அதுக்காக விஷத்தைத் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லாதே. புரியுதா?"

அவன் முட்டையை மறுபடி கையில் எடுத்தான். தொப்பையிடமிருந்த டப்பாவைப் பார்த்தேன். "நீ ஏன்டா நிறுத்திட்டே? ஆறிப் போகுது, தின்னு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அடுத்த ஞாயிறு வந்தான். காலையிலிருந்தே நான் ஒரு நிலையில் இல்லை. பாட்டில், பாக்கெட், டப்பா என்று சமையலறையில் இருந்த அத்தனையையும் மேசையில் பரப்பி வைத்திருந்தேன். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தான். என் வீட்டுக்காரர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "படிப்பு முடிஞ்சதும் சொல்லுங்கப்பா" என்றார். சோயா சாஸ் இல்லாத கோழி, சோறு, மிளகு தூவிய உருளைக்கிழங்கு, புதிதாக ஒரு ஊறுகாய். ஊறுகாய்ப் பாட்டிலில் என்னவோ பொடி எழுத்து.

"இது வேணாம்க்கா" என்றான்.

சுருக்கென்றது. சொல்லச் சொன்னவள் நான்தான், இருந்தும் சுருக்கென்றது. "வேணாம்னா போ" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்து ஓங்கிச் சாத்தினேன். திரும்பி வந்தபோது மாமனும் மச்சானும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்கை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். உட்கார்ந்து சாப்பிட்டான்.

திங்கள் காலை பால்கனியில் ரொட்டி கருகும் நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, ராத்திரியிலிருந்து வயிறு சரியில்ல. எதுலயோ இருந்திருக்கு."

முந்தின நாள் சமைத்ததை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கோழியா? இல்லை. மிளகா? புதுப் பாக்கெட். "உருளைக்கிழங்கு எதுலக்கா வடிச்சே?" என்று கேட்டான். சமையலறைக் கதவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, இத்தனை வருஷமாக என் வீட்டுக்காரரின் நூடுல்ஸை வடித்த அதே வடிதட்டு. பாத்திரத்தை மாற்றினேன், கரண்டியை மாற்றினேன், இதை மறந்தேன்.

"வடிதட்டுடா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "நான் ஒரு மடச்சி. இனிமே நீ இங்க…"

"ஓட்டை ஓட்டையா இருக்கும்ல, உள்ள மாட்டிக்கும், போகாது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கு" என்றான். நடுவில் வலியில் ஒரு மூச்சு இழுத்தான். "வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள வாங்கிடு. அந்த உருளைக்கிழங்கு நல்லா இருந்துச்சு."

அந்த வியாழக்கிழமையும் கம்பெனி மூட்டை வந்தது. தம்பியின் சட்டைகளில் இரண்டு குறைந்தன. இந்தத் தடவை மூட்டையைப் பிரிக்கும் முன்பே எனக்கு அது தெரியும்.