ஆடாத நாலு

மூன்று வாரம் உட்கார்ந்து நான் எழுதிய புரோகிராம் அறுபத்தெட்டு வரி. என் தங்கை எழுதியது ஒரே வரி. வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். ஆபீசில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வேலை இதுதான். மருந்துக் கிடங்கின் குளிர் அறையிலிருந்து சென்சார் நொடிக்கொரு தடவை "T:4 H:80" என்று ஒரு வரி அனுப்பும். அதிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் பிரித்து, இரண்டு மாறிகளில் போட்டு, சுவர்ப் பெட்டியில் காட்ட வேண்டும். வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். நான் எழுத்தெழுத்தாக எண்ணி, சுற்றிச் சுற்றிப் பிரித்தேன். அவள்,

sscanf(buf, "T:%d H:%d", &t, &h);

என்று தட்டிவிட்டு காபி குடிக்கப் போய்விட்டாள். முதலாளி இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்து, கிடங்குக்கு வாலு எழுதியதே போகட்டும் என்றார். பெட்டி மாட்டப் போவது நான்தான் என்று அம்மாவிடம் மூன்று மாதமாக அளந்து வைத்திருந்தேன். வயிறு எரிந்தது.

அந்த வரியில் ஓட்டை இருந்தது. எத்தனை எண் கிடைத்தது என்று sscanf என்ற அந்தக் கட்டளையே திருப்பிச் சொல்லும். வாலு அதைப் பார்க்கவே இல்லை. சென்சார் ஒயர் கழன்றால் "T:ERR" என்று வரும், எண் கிடைக்காது, t-யில் பழைய நாலே உட்கார்ந்திருக்கும். பார்த்த உடனே தெரிந்தது. சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் மூக்கு உடையட்டும் என்று இருந்தேன்.

மதியம் கிடங்கு மேனேஜர் பார்க்க வந்தார். அவருக்குக் காட்ட, சென்சாரை ஐஸ் டப்பாவில் போட்டு மேசைமேல் பெட்டியோடு இணைத்திருந்தோம்; பெட்டி நாலு காட்டியது. மேசைக்கடியில் காலை நீட்டி ஒயரை இழுத்துவிட்டேன். ஒயரே இல்லாமல் நாலு எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்பார்கள் என்பது என் கணக்கு.

தொங்கிய ஒயரை முதலாளி பார்த்தார்.

"பாத்தீங்களா சார், ஒயர் கழண்டும் அசையாம நிக்குது."

மேனேஜர் சொக்கிப்போய், நாளைக்கே மாட்டிவிடலாம் என்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. வாலு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதில் கேலிகூட இல்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் என்றைக்காவது ஒயர் நிஜமாகவே கழன்று மருந்தெல்லாம் வெந்து கிடக்கும். பெட்டி நாலு என்று சத்தியம் பண்ணும்.

"சார், ஒயரை நான்தான் இழுத்தேன். அது பழைய நாலையே காட்டுது. சென்சாரைச் சுடுதண்ணியில போட்டாலும் நாலுதான்."

வாலு குனிந்து, கிடைத்தது இரண்டு எண் இல்லையென்றால் மணி அடி என்று இன்னொரு வரி சேர்த்தாள். அரை நிமிஷம். மணி அலறியது.

"காலையிலயே தெரியுமாக்கா?"

"தெரியும்."

மாட்டுவதற்கும் அவளையே அனுப்பினார்கள். மறுநாள் கிளம்பும்போது என்னிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டாள். நல்லதைப் பைக்குள் தள்ளிவிட்டு, முனை தேய்ந்ததைக் கொடுத்தேன்.