ஐந்தாவது இறைச்சித் துண்டு

என் வீட்டுக்காரர் ரதெக் பிராகில் முப்பத்தெட்டு வருடம் டிராம் ஓட்டியவர். ஒரு நிமிடம் தாமதமானாலும் அவருக்கு முகம் சிவந்துவிடும். அப்படிப்பட்டவர் புடாபெஸ்ட் போக மெதுவான ரயிலைத் தேர்ந்தெடுத்தால் எனக்குச் சந்தேகம் வராதா?

புடாபெஸ்டில் எங்கள் மகள் யித்காவுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்தியைப் பார்க்கத்தான் பயணம். வேகமான ரயில் இருக்கும்போது, வழியில் கூடுதலாக நிற்கும் திங்கட்கிழமை ரயில்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"அது அரை மணி நேரம் கூட ஓடுதே," என்றேன்.

"வேடிக்கை பாத்துட்டுப் போலாமே."

நாற்பத்து மூன்று வருடத்தில் இந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்து நான் பார்த்ததில்லை.

அடுத்து இருக்கை. கழிவறைக்குப் பக்கத்தில், கதவை ஒட்டி, யாரும் சீண்டாத இரண்டு இடங்களைப் பிடித்தார். அதிலும் இடது ஜன்னல் அவருக்கு. ரயில் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று அவர் குசுகுசுத்தது எனக்குக் குளியலறை வரை கேட்டது.

சனிக்கிழமை அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒரு சீட்டு கிடைத்தது. 'செஸ்கா த்ரெபோவா. வருகை 11.22. புறப்பாடு 11.24.' அந்த மெதுவான ரயில் வழியில் நிற்கும் ஊர். எனக்குத் தெரிந்து அங்கே எங்களுக்கு யாரும் கிடையாது. ஆனால் டிப்போ உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்த ஹெலென்கா ஓய்வுபெற்று அந்தப் பக்கம்தான் எங்கேயோ போனாள். இவருக்கு மட்டும் சூப்பில் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றியவள். இந்த வயதில் என்ன பொறாமை என்று சிரிக்காதீர்கள். சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழிக்குச் சாப்பாடு செய்தேன். பொரித்த பன்றி இறைச்சியை ரொட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொள்ளாமல் எங்களில் யாரும் ரயில் ஏறுவதில்லை. அவருக்கு இரண்டு, எனக்கு இரண்டு. மரச் சுத்தியலால் இறைச்சியைத் தட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"அஞ்சாப் பொரிச்சிடு, அலேனா."

சுத்தியல் நின்றது.

"அஞ்சாவது யாருக்கு?"

"வழியில பசிக்கும்ல."

"ஹெலென்காவுக்கா?"

"எந்த ஹெலென்கா? டிப்போ ஹெலென்காவா? அவ செத்து அஞ்சு வருஷம் ஆச்சே."

"அப்ப யாருக்கு? அந்தச் சீட்டை நான் பாத்துட்டேன்."

அவர் தன் வீட்டுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லுபோஷுக்கு."

பதினோரு வருடமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அவருடைய தம்பி. என் அப்பாவை அடக்கம் செய்த அன்று மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தவன். அவன் பேரை எடுத்தால் இந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன் என்று சொன்னது நான்தான்.

"அந்த ஸ்டேஷன்லதான் இருக்கான்," என்றார். "சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு ரயிலை அனுப்பி வைக்கிற வேலை. இந்த மாசத்தோட முடியுது. திங்கக்கிழமை அவன் முறைதான்னு விசாரிச்சிட்டேன். நான் வர்றது அவனுக்குத் தெரியாது. இடது பக்கம் கதவு திறந்ததும் இறங்கி, கையில குடுத்துட்டு ஏறிடுவேன். நீ தலையைக்கூடத் திருப்ப வேணாம்."

பெண் விவகாரம் என்றால் சுத்தியலாலேயே இரண்டு போட்டிருப்பேன். சொந்தத் தம்பியைப் பார்க்க இரண்டு நிமிடத்துக்குத் திருட்டுத்தனமாகத் திட்டம் போட்டிருக்கிறார், அதுவும் எனக்குப் பயந்து. வெட்கமாக இருந்தது. லுபோஷ் மேல் கோபமும் தீரவில்லை.

ஆறாவது துண்டை எடுத்துத் தட்டினேன்.

"அவனுக்கு ஒண்ணு எப்படிப் போதும்? ரொட்டியில வெள்ளரி ஊறுகாய் வைக்காதீங்க, அவனுக்கு ஆகாது. கடுகு விழுது மட்டும் தடவுங்க."

அவர் சுத்தியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? நான் ஒண்ணும் எழுந்து வர மாட்டேன்."

"வர வேணாம்."

"ஆனா அந்த இடது ஜன்னல் எனக்கு."