கோடு யாருடையது

இந்தக் காலத்து ஆட்கள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். சொல்லிவிட்டுப் போவதும் கிடையாது. செஞ்சியில் நான் தோளுக்குப் போகும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழு மாதத்தில் மூன்று பிசியோதெரபிக்காரர்கள் போய்விட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். நாளைக்கும் அங்கேதான் மாத்திரைக்கு நிற்க வேண்டும்.

மாசி மாதம், காயப்போட்ட மல்லாட்டைக் கடலையைத் தின்ன வந்த குரங்கை விரட்டப் போய் மோட்டார் கொட்டகை மேலிருந்து விழுந்தேன். அதிலிருந்து வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவரும் எப்படி விழுந்தீர்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கே சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் அமீர் ஜானே சொல்லிவிடுகிறான். அவன் டெய்லர். அவனுக்கும் தோள்தான். அவன் சொல்லச் சொல்லக் குரங்கு பெருகிக்கொண்டே போகிறது.

வைத்தியமும் ஆளுக்கொரு மாதிரி. முதல் ஆள் சுவரில் விரலைப் பல்லி மாதிரி ஏற்றச் சொன்னான். விரல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவான். அடுத்து வந்தவள் சுவரே கூடாது, கயிற்றை இழு என்றாள். மூன்றாவது ஆள் இரண்டுமே தப்பு என்று சொல்லி, ஒத்தடம் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விடச் சொன்னான். மூச்சு எனக்கு அதற்கு முன்பும் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது.

என் அவசரம் வேறு. சனிக்கிழமை எங்கள் ஊர் மாதா கோயில் சப்பரம். கிழக்குத் தெருப் பக்கம் முன்கம்பு என்னுடையது. நாற்பது வருஷமாக நான்தான் தூக்குகிறேன். இந்த வருஷம் கோயில் கமிட்டிக்கு என் மகன் கிறிஸ்டோபர் செயலாளர். அவனே சொல்லிவிட்டான்: "ஆஸ்பத்திரி சீட்டு இல்லாம கம்பைத் தொடக் கூடாது நைனா. மாதா சாஞ்சா ஊரு என்னைத்தான் கேக்கும்." நான் தூக்கவில்லை என்றால் என் பங்காளி அலெக்சாண்டர் தூக்குவான். அவன் இப்போதே அந்தக் கம்புக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை போனால் நான்காவது ஆள். பூங்குழலி என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம்.

"எப்படி விழுந்தீங்க தாத்தா?"

"ஆறு குரங்கும்மா," என்றான் அமீர் ஜான்.

"பழைய நோட்டு எங்க?"

"பீரோல இருக்குது," என்றேன். "சாவி முன்ன இருந்தவர்கிட்ட இருக்குது. அவரு மெட்ராஸ்ல இருக்காரு."

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். கோடுகள் இருந்தன, தேதிகள் இருந்தன, பெயர் இல்லை. எது யாருடையது என்று முதல் ஆளுக்குத் தெரியும், அதனால் அவன் எழுதவில்லை.

"இதுல உங்க கோடு எது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அமீர் ஜான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததைக் காட்டினான். "அதுதாம்மா நாதனுது."

அது அவனுடைய கோடு. அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். எனக்கு உதவி செய்கிறானாம்.

நான் விரலை ஏற்றினேன். பாதியிலேயே தோள் பிடித்துக்கொண்டது.

"மே மாசம் அங்க எட்டுன கை இப்ப இங்க நிக்குது. மோசமாயிட்டே வருது. சப்பரமெல்லாம் வேண்டாம் தாத்தா."

"அது என் கோடு இல்லம்மா, இவனுது."

"சீட்டுக்காகச் சொல்லுதீங்க."

அமீர் ஜான் தலையைச் சொறிந்தான். "என்னுதுதாம்மா. தெரியாம சொல்லிட்டேன்."

"அப்ப நீங்க எட்டுங்க பாய்."

எழுந்து போய் எட்டினான். அவனுக்கும் ஒரு சாண் குறைந்தது. மூன்று மாதமாக அவனும் மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன்னை எவன்டா கேட்டான்?" என்றேன் அவனிடம்.

"நல்லது பண்ணலாம்னு பாத்தேன் நாதா."

"நீ பண்ண நல்லதுல அலெக்சாண்டரு தூக்கப் போறான்."

பூங்குழலி என் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அது விறுவிறு என்று மேலே போனது. "இந்தத் தோள் நல்லாத்தான இருக்கு. இதுல தூக்குங்க."

விஷயம் தெரியாத பெண். இடது தோளில் தூக்கவேண்டுமானால் சப்பரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கவேண்டும். அந்தப் பக்கம் மேற்குத் தெருவுக்கு. கிழக்குத் தெருக்காரன் அங்கே போய்க் கம்பைத் தொட்டதில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் நின்னாலும் மேல இருக்குறது அதே மாதாதான தாத்தா?"

அவள் 'இடது தோள் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். மேற்குத் தெருவில் முன்கம்புக்கு ஆள் இல்லை என்று கிறிஸ்டோபர் புலம்புவது உண்மைதான். அங்கே நின்றால் எதிரே அலெக்சாண்டர் தள்ளாடுவதைத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டே போகலாம். சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"வியாழக்கிழமை வாங்க. புதுசா கோடு போட்டுப் பேரு எழுதி வைக்கேன்."

"நீ இருப்பியாம்மா?"

"இருப்பேன் தாத்தா. ஒரு பரீட்சை எழுதியிருக்கேன். ரிசல்ட் வந்தா பாக்கணும்."

முன்னால் இருந்த மூன்று பேரும் இருப்பேன் என்றுதான் சொன்னார்கள். நானும் வியாழக்கிழமை வரேன் என்றும் சொல்லாமல், வரமாட்டேன் என்றும் சொல்லாமல், ஊருக்குப் போகும் வல்லம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.