சசிரேகாவின் எலி ஏன் தாமதிக்கிறது

1

இக்கதை ஒரு தவறான அறிவுரையில் பிறந்தது. மலையூரான பிரிஞ்சாங்கின் சந்தையில் தேயிலைத் தோட்டத்து நீலாவதி என்னிடம், "எம்பொண்ணு சசிரேகாவோட எலி ரொம்ப லேட்டா வேலை செய்யுதாம் சார்," என்றார். பொறி வைக்கச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் எலி சார்," என்று சிரித்தார்.

2

நீதிக்கதை எழுதும் பழக்கம் என்னை விடுவதாயில்லை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒரு காட்டில் வாழ்ந்த சோம்பேறி எலி, அரசர் அழைத்தால்கூட—

இல்லை. நீதிக்கதையில் தாமதிப்பவரிடம் ஒரு குற்றம் இருந்தே தீரவேண்டும்: சோம்பல், கர்வம், உறக்கம். சசிரேகாவிடம் அப்படி ஏதுமில்லை. அவள் விரல் உரிய நேரத்தில்தான் அழுத்துகிறது. திரையிலுள்ள துப்பாக்கி ஒரு கணம் பிந்திச் சுடுகிறது. அந்தக் கணத்துக்குள் எதிரி அவளைக் கொன்றுவிடுகிறான். (விளையாட்டில்தான். வாசகர் பதற வேண்டாம்.)

3

தேயிலை ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்பவள் சசிரேகா. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கணினி விளையாட்டுக் குழுவுக்கு மாநில அணித் தேர்வாட்டம். குழுத் தலைவன் மகேன், பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூ ஏற்றும் லோரி ஓட்டுபவன், சனிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டான்.

"உன் கை ஸ்லோ ஆயிடுச்சு லா. நாளைக்கு உனக்குப் பதிலா புவனேஸ் ஆடட்டும்."

"கை இல்லடா, மவுஸு."

"போன வாரம் இன்டர்நெட் லைன் சரியில்லன்ன. இந்த வாரம் மவுஸு. அடுத்த வாரம் நாற்காலியா?"

(மகேனைக் கொடியவனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவனும் வெல்லத்தான் விரும்புகிறான்.)

4

அவனுக்கு முறுக்கு எடுக்க நீலாவதி வந்தார். மலைப்பனியில் நமுத்துப்போகாதிருக்க, சூடான கணினிப் பெட்டியை ஒட்டித்தான் அவர் முறுக்கு டின்னை வைப்பது வழக்கம். கம்பியில்லாத அந்த மவுஸின் அலையை வாங்கும் சிறு துண்டு, கணினியில் அதே தகர டின்னின் மறைவில் செருகப்பட்டிருந்தது. அவர் டின்னைத் தூக்கியபோது சசிரேகா எதேச்சையாக மவுஸை அழுத்தினாள். துப்பாக்கி உடனே சுட்டது.

"அம்மா, அதத் திரும்ப வைங்க."

வைத்தார். தாமதித்தது.

"எடுங்க."

உடனே சுட்டது.

"ஆன்ட்டி, இத்தன நாளா உங்க முறுக்குதான் எங்களக் கொன்னுருக்கு," என்றான் மகேன்.

"முறுக்கக் குத்தம் சொல்லாத. தின்னதெல்லாம் நீதான்."

ஆனாலும் அவனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. தன் லேப்டாப்பைத் திறந்தான். "ஒரு ரவுண்டு. என்னை அடிச்சிட்டா நாளைக்கு நீ ஆடு."

"நீ அழக்கூடாது," என்றாள் சசிரேகா.

5

ஒரு முடிவில் அவள் வெல்கிறாள். எனக்குப் பிடித்தது அதுவே. இன்னொன்றில் தோற்கிறாள். ஆனால் அந்தத் தோல்வி முழுக்க அவளுடையது. பயிற்சியால் திருத்திக்கொள்ளக் கூடியது. மூன்றாவதில், இதனால் அறியப்படும் நீதி— (அடித்துவிட்டேன்.)

டின்னை எடுத்தாகிவிட்டது. அவளுடைய விரலுக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையில் இப்போது தாமதம் செய்துகொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். நகர்ந்துகொள்கிறேன்.

அவள் அழுத்திவிட்டாள். திரையில் என்ன தெரிகிறது?