கண்ணாடியில் தண்ணீர்

பெரிய மாமா தன் நினைவுக் குறிப்புகளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் என்னிடம் தந்தார்.

"நீ ஃபிசிக்ஸ் படிச்சவ. தப்பு இருந்தா பென்சில்ல குறிச்சு வை. வாயைத்தான் திறக்க மாட்டே, பென்சிலாவது பேசட்டும்."

மூன்றாவது அத்தியாயம் மாமாவின் தாத்தாவைப் பற்றியது. அம்மாவுக்கும் அவர் தாத்தா, எனக்குக் கொள்ளுத்தாத்தா. சோப்புத் தொழிற்சாலையில் பாய்லர் ஃபோர்மேன். மாமாவின் ஆறாவது வயதில் ஒருநாள் காலை ஷிப்டுக்கு அவரையும் கூட்டிப் போயிருக்கிறார்.

முதல் பக்கத்தில் ஒரே ஒரு குறி போட்டேன். நீராவி கண்ணுக்குத் தெரியாது. மாமா வெள்ளையாக இருந்தது என்று எழுதியிருந்தார். பக்கத்தைத் திருப்பினேன்.

"பாய்லரின் முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் துள்ளிக்கொண்டே இருந்தது. ஏன் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று கேட்டேன். தாத்தா என்னை இடுப்பில் தூக்கி, 'நீயே தூங்க வச்சுடு' என்றார். குழாய்க்கு மேலே ஒரு கைப்பிடி, கீழே ஒரு கைப்பிடி. இரண்டையும் திருப்பினேன். தண்ணீர் அசையாமல் நின்றது. அதற்குள் யாரோ கூப்பிட, தாத்தா என்னை இறக்கிவிட்டு ஓடினார். சற்று நேரத்தில் இரண்டு மணிச் சங்கு ஊதியதும் வீடு திரும்பினோம். அன்று நான்கு மணிக்குத்தான் பாய்லர் வெடித்தது. நாங்கள் தப்பியது அதிர்ஷ்டம். சாயங்காலம் தாத்தா என் கன்னத்தைப் பிடித்து, 'நீ அங்க எதையும் தொடலை. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது' என்றார். ஐம்பத்தாறு வருடமாக எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அது."

பென்சில் கையில் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் குழாய் பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுவது. இரண்டு கைப்பிடிகளையும் மூடிவிட்டால் பாய்லர் வற்றி வெடிக்கும் நிலைக்குப் போனாலும் குழாயில் பழைய அளவே நிற்கும்.

அன்று இரண்டு மணி ஷிப்டுக்குப் பாய்லரைப் பார்த்துக்கொள்ள வந்தவர் என் அப்பாவின் அப்பா. வெடித்ததில் இடது கை போனது. பிறகு வேலையும் போனது. அவர் தூங்கிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தவர் ஃபோர்மேன் கொள்ளுத்தாத்தா. "கண்ணாடியில தண்ணி இருந்துச்சு" என்று விசாரணையில் என் தாத்தா திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

அது எங்கள் வீட்டில் கேலியாகிவிட்டது. பால் பொங்கி வழிந்தால் கண்ணாடியில தண்ணி இருந்துச்சு. பஸ்ஸைத் தவறவிட்டால் கண்ணாடியில தண்ணி இருந்துச்சு. அதே காலனியில் வளர்ந்த அம்மா அடம்பிடித்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து மாமா அப்பாவைக் கூப்பிடும் பெயர் "தூக்கம்". யாராவது அந்தக் கேலியைச் சொன்னால் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார். போன வருடம் இறந்தார்.

நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் காலை மாமா வீட்டுக்குப் போனேன். அவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, தூக்கத்தோட பொண்ணு இவ்வளவு சீக்கிரம் எந்திரிச்சுட்டியா?"

ஒரு தாளில் பாய்லரையும் குழாயையும் வரைந்தேன். இரண்டு கைப்பிடிகளிலும் குறுக்குக்கோடு போட்டேன். பிறகுதான் பேச முடிந்தது.

மாமா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் சின்னப் பையன்மா."

"உங்க மேல தப்பு இல்ல மாமா."

"ஷிப்டுக்கு வந்தவர் கைப்பிடியைத் திறந்து சோதிக்கணும்ல? அதுவும் அவர் வேலைதானே?"

"ஆமா மாமா. எங்க தாத்தா சோதிக்கலை. ஆனா தூங்கலை."

அவர் கையெழுத்துப் பிரதியை எடுத்தார். விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். 'நீ அங்க எதையும் தொடலை' என்ற இடத்தில் விரல் நின்றது.

"கொஞ்சுறார்னு நினைச்சேன். இத்தனை வருஷமும் கொஞ்சுறார்னே நினைச்சேன்." பிரதியைக் கீழே வைத்தார். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே எழுதிக் கொடுத்திருக்கார்."

காபி ஆடை கட்டிவிட்டது. அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் கேட்டது.

"சொல்லுங்க மச்சான். தூக்கம்தான் பேசுறேன்."

மாமா போனை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மாப்பிள்ளை, கண்ணாடியில தண்ணி இருந்துச்சு."

வழக்கம்போல் அப்பா சிரித்தார். இந்தப் பக்கம் யாரும் சிரிக்காததால், பாதியில் நிறுத்திக்கொண்டார்.