அரக்குப் பட்டு, பெரிய கரை

கட்டிலுக்கு அடியிலிருந்து ஏழாவது நெகட்டிவ் பெட்டியை ஆரோக்கியதாஸ் இழுத்தபோது, கூடத்தில் சாகுல் ஹமீது கேமராவின் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே தொழில். பேகம்பூரில் அவருக்கு ஸ்டுடியோ. சவப்பெட்டியைச் சுற்றி வீட்டார் நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம். சொந்த மனைவியின் கடைசிப் படத்தை ஆரோக்கியதாஸே எடுக்க வேண்டாம் என்று, கூப்பிடாமலே வந்திருந்தார்.

“அத மடக்கிருங்க பாய்,” என்றாள் புஷ்பமேரி. இறந்தவளின் தங்கை, எரியோட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். “இது எங்கக்கா மூஞ்சியே இல்ல. இதயா அவ மகளுக்கு நாளைக்குக் காட்டுறது?”

யாரும் மறுக்கவில்லை. மூன்று வாரமாக நீர் கோத்து சகாயசெல்வியின் முகம் வீங்கிப் போயிருந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். விடியற்காலையில் மூச்சு நின்ற பிறகும் வீக்கம் வடியவில்லை. மூன்று வயது மகள் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா எங்க?” என்று சித்தியிடம் கேட்டிருந்தாள்.

புஷ்பமேரி உள்ளே வந்தாள்.

“நாலு மணிக்கு எடுத்துருவாக. அக்கா படம் கெடச்சுச்சா மச்சான்?”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“இம்புட்டுப் பெட்டியில ஒன்னுகூடவா இல்ல?”

கல்யாணம் ஆனபோது அவனிடம் கேமரா இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாகக் கேமரா கையில்தான் இருந்தது.

அவள் குனிந்து ஒரு காகித உறையை எடுத்தாள். உள்ளே கண்ணாடி நெகட்டிவ். மேலே அவன் கையெழுத்து. வாய்விட்டுப் படித்தாள்.

“சிவனம்மாள், சுண்ணாம்புத் தொட்டி. இது தோல் ஷாப்பா?”

“ஆமா.”

“சின்னக்கண்ணு, அய்யலூர்ச் சந்தை, இரண்டு கிடாக்களுடன்.” உறையைத் திரும்ப வைத்தாள். “தொட்டியில தோலு அலசுறவளுக்குப் பேரு இருக்கு, மூஞ்சி இருக்கு. கெடா விக்கிறவனுக்கு இருக்கு. கெடாவுக்கும் இருக்கு மச்சான்.”

ஞாயிறும் வியாழனும் அவன் அலைந்து எடுத்தவை அவை. யாரும் படம் எடுக்க நினைக்காதவர்கள். மற்ற நாட்களில் மதுரை ஜவுளிக்கடைகளின் காலண்டருக்குச் சேலைப் படம் எடுத்தான். இந்தக் கண்ணாடிகள் அந்தச் சேலைகள் வாங்கித் தந்தவை.

அந்தச் சேலைகளைக் கட்டி நின்றவள் சகாயசெல்வி. வீட்டுப் பெண்கள் யாரும் அதற்கு வரமாட்டார்கள். “மூஞ்சி மட்டும் வரக் கூடாது. எங்கய்யா பாத்தாருன்னா செருப்பக் கழத்திருவாரு, ஒங்களுக்குத்தான்,” என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் நெகட்டிவ் காய்ந்ததும், மருந்து பூசாத கண்ணாடிப் பக்கத்தில், அவள் முகத்தின்மேல் சிவப்பு மையைத் தடவிவிடுவான். அச்சில் அந்த இடம் வெள்ளையாக விழும். சிவகாசியில் ஓர் ஓவியர் அங்கே உருண்டைக் கன்னமும் பெரிய கண்ணும் வரைந்து சேர்த்துவிடுவார்.

தண்ணீரில் கரைகிற மை.

“ஒரு கும்பாவுல தண்ணி கொண்டா மேரி. பழந்துணி ஒன்னும்.”

சேலைப் பெட்டியை ஜன்னல் ஓரம் வைத்தான். நீலப் பட்டு, புட்டா. மாம்பழ நிறம், சின்னக் கரை. எந்த உறையிலும் அவள் பெயர் இல்லை. முதல் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். கரையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. கழுத்துக்கு மேல் புகை.

அடுத்ததிலும் புகைதான். அதற்கு அடுத்ததிலும்.

“என்ன மச்சான் இது?”

“பேசிக்கிட்டே நிப்பா.”

முகம் வரப்போவதில்லை என்பதால் அவள் வாயை மூடியதே இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது, பால்காரன் கலக்கும் தண்ணீர், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் படம் பதியும் அந்த இரண்டு வினாடிக்குள்ளும் வந்துவிடும். சேலை அசையாமல் இருந்தால் போதும் என்று அவனும் விட்டுவிடுவான்.

பத்துக் கண்ணாடிகள் முடிந்தன. கும்பாத் தண்ணீர் சிவந்திருந்தது. கூடத்தில் ஜெபமாலை தொடங்கிவிட்டார்கள்.

கடைசி உறை. அரக்குப் பட்டு, பெரிய கரை.

அதை அவன் உடனே துடைக்கவில்லை.

போன வருஷம் அவள் அப்பா இறந்தார். ஒரு மாதம் கழிந்து ஒரு வியாழக்கிழமை, “இனி யாருக்குப் பயம்? மூஞ்சியோட ஒன்னு எடுங்களேன்,” என்றாள். அவன் அய்யலூர் சந்தைக்குப் பையை மாட்டிக்கொண்டு நின்றான். வந்து எடுக்கிறேன் என்று சொல்லிப் போனான். திரும்பியபோது வெளிச்சம் இல்லை. மறுவாரம் கடையிலிருந்து அரக்குப் பட்டு வந்தது. கட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள், நெகட்டிவ் காய்ந்ததும், பழக்கத்தில் சிவப்பு மையைத் தொட்டுத் தடவினான். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள்.

துடைத்தான்.

முகம் இருந்தது. அசையாமல், ஒவ்வொரு முடியும் தெளிவாக, நேரே அவனைப் பார்த்துக்கொண்டு.

இருட்டறையில் காகிதத்தில் அது மெல்ல மேலெழும்பியபோது புஷ்பமேரி அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

“பேசாம நிக்கிறா,” என்றாள்.

“ஆமா.”

அவள் ஈரப் படத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே போனாள். சாகுல் ஹமீது அதைப் பார்த்துவிட்டு முக்காலியை மடக்கினார். மகளை இடுப்பில் தூக்கி யாரோ படத்தைக் காட்டினார்கள். “அம்மா,” என்றாள் குழந்தை.

மேட்டுப்பட்டிக் கோயில் மணி கேட்டது. பெட்டியை மூட அவனைக் கூப்பிட்டார்கள். அவன் குனிந்து, அவள் கழுத்துவரை இருந்த வெள்ளைத் துணியை இழுத்துச் சரிசெய்தான். துணியின் ஓரத்தில், மை ஊறியிருந்த அவன் மூன்று விரல்கள் வெளிர் சிவப்பாகப் பதிந்தன. புஷ்பமேரி முந்தானையால் துடைக்கப் போனாள்; பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.