நாலு நிமிஷக் காற்று

நான் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள். ஒரு நாவலில் கணக்கு உதைத்தால் அங்கேயே மூடிவைத்துவிடுவேன். செங்கம் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்த நாவலில் கணக்கு எங்கேயும் உதைக்கவில்லை. தருவி என்றொரு கோள். அங்கே காற்று போதாது; எல்லாருக்கும் முகமூடி, முதுகில் காற்று உருளை. உருளை பழுதுபார்க்கும் யாழியும் எதிரி முகாமிலிருந்து ஓடிவந்த ஆதனும் முத்தமிட வேண்டுமானால் முகமூடியைக் கழற்றி, ஒரே குழாயில் மாறி மாறி மூச்சு வாங்க வேண்டும். மொத்தம் நாலு நிமிஷக் காற்று. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். சரியாக வந்தது. உடனே காது மடல் சூடாகிவிட்டது. சும்மா கட்டிப்பிடித்தால் யாருக்கு என்ன? காற்று குறையக் குறையக் கட்டிப்பிடிப்பதல்லவா விஷயம்!

அட்டைப்படத்தில் இருவரும் இருந்த கோலத்தில் அதை வீட்டில் வைக்க முடியாது. பழுப்புத் தாளில் அட்டை போட்டு, ‘இயற்பியல் செய்முறை’ என்று லேபிள் ஒட்டினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

சரஸ்வதி பூஜையன்று நான் சுண்டல் தாளித்துவிட்டு வருவதற்குள், மாமனார் சக்கரபாணி என் மேஜையிலிருந்த பாடப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார். யாழியும் சந்தனம் குங்குமத்தோடு அதில் சேர்ந்துவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக்கூடாது. காற்று உருளையின் மீட்டர் முள் சிவப்பைத் தொட்ட இடத்தில் படிப்பதை நிறுத்தியிருந்தேன். அன்று முழுக்க ஆதன் மூச்சில்லாமல் கிடந்தான். நான் பொரியும் கடலையும் மென்றுகொண்டு கிடந்தேன். வேங்கிக்காலில் எங்கள் மொட்டைமாடிக்குப் போனால் மலை தெரியும். மலையைப் பார்த்தாலும் மனசு தருவியில்தான் இருந்தது.

விஜயதசமி காலையில் வீட்டுப் பெரியவர் ஒரு பக்கம் உரக்கப் படித்த பிறகுதான் மற்றவர்கள் புத்தகத்தை எடுக்கலாம். எப்போதும் சாமி பாட்டுதான் படிப்பார். இந்த வருஷம் மாமாவுக்கு என் மேல் பிரியம் பொங்கிவிட்டது.

“இந்த வாட்டி நம்ம மருமக பாடத்த படிப்போம்” என்று அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகத்தையே கையில் எடுத்தார்.

“வேணாங்க மாமா, வெறும் கணக்காதான் இருக்கும்” என்றேன். கேட்டால்தானே!

அடையாளத்துக்கு நான் செருகியிருந்த பஸ் டிக்கெட் இருந்த பக்கமே பிரிந்தது. மாமா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சிட்டா வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

“முள் சிவப்பைத் தாண்டியது. யாழி குழாயை அவன் வாயிலிருந்து எடுத்தாள். இனி என் மூச்சு போதும் என்று சொல்லி, அவன் சட்டையின் முதல் கொக்கியை…”

பயத்திலும் எனக்கு அடுத்த வரி வேண்டியிருந்தது. ஆனால் குரல் அங்கே நின்றுவிட்டது. என் புருஷன் திருமலை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பசங்க கிட்ட புடுங்கினதாம்மா?”

தப்பிக்க வழியை அவரே திறந்துவிட்டார். தலையாட்டினால் போதும், மானம் பிழைக்கும். ஆனால் மாணவனிடம் பிடுங்கிய புத்தகத்தை வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியுமா? அதோடு, இரண்டு வாரமாக என்னை அத்தனை சந்தோஷமாக வைத்திருந்ததை எவனோ ஒரு பையன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

“இல்லீங்க மாமா. என்னோடதுதான். ரொம்ப நல்லாருக்குது. இன்னும் நாப்பது பக்கம் பாக்கி இருக்குதுங்க.”

மாமா மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதே பக்கத்தை உதட்டுக்குள்ளேயே ஒருமுறை படித்தார். பிறகு அடுத்த பக்கத்தையும் திருப்பி, நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டு, பக்கம் மாறிப்போகாமல் விரலை வைத்தபடியே புத்தகத்தை என்னிடம் நீட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“ஏம்மா, இந்த எடத்துல நிறுத்திட்டு நேத்து பூரா எப்பிடித்தான் இருந்தியோ!”